ஒரு ஸ்டாம்பு அளவு

ஹிதோயோஷி
11 அக்டோபர் 1998

அன்புள்ள சயோகோவுக்கு,

மலைகள் சிவக்கத் தொடங்கி, வானம் ஒரு முழம் உயர்ந்து தெரியும் இந்நாட்களில் தாங்கள் தேக நலத்துடன் இருப்பீர்கள் என நம்புகிறேன்.

பயப்படாதே, அப்பாதான். மேலே இருக்கும் வரி என்னுடையது இல்லை. ரயில் நிலையக் கடையில் கடிதம் எழுதுவதற்கென்றே ஒரு புத்தகம் விற்றார்கள். மாதத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்குப் பத்து வரி. தொழிற்பள்ளியைப் பாதியில் விட்டவனுக்கு இது பெரிய துணை. தொலைபேசியில் எனக்கு "ம்" தவிர வேறு சொல் வராது என்று நீயும் அம்மாவும் சிரித்தீர்களே, அதனால்தான் இந்த ஏற்பாடு.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மதிய உணவுக் கடையில் அவள் நின்றுகொண்டேதான் வேலை செய்கிறாளா? ஒரு முக்காலி கேட்கச் சொல்.

இங்கே கூமா டென்ஷி ஆலையில் என்னை ரைஸ் குக்கர் வரிசையில் போட்டிருக்கிறார்கள். குக்கருக்குள் போகும் சிப், எள்ளுக்கு அண்ணன், கடுகுக்குத் தம்பி. வேறெங்கோ செய்து வெறும் உடம்போடு வருகிறது. நாங்கள் அதற்குப் பிசினும் உலோகமும் கொண்டு உடுப்பு மாட்டி அனுப்புகிறோம். தையற்காரன் என்று வைத்துக்கொள். கோணலாக உட்கார்ந்ததை இடுக்கியால் எடுத்துப்போடுவது என் வேலை.

குடும்பத்தைக் கிழக்கே விட்டுவிட்டுத் தனியாக வந்த அப்பாக்கள் எங்கள் பிரிவில் பதினொரு பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் வரிசையில் நிற்கிறோம். யாருடைய உள்பனியன் வெளுப்பாக இருக்கிறது என்பதில் கடும் போட்டி. நான் ஒன்பதாவது.

போட்டி என்றதும் நினைவு வருகிறது. நீயும் ஏதோ போட்டிக்கு எழுதுகிறாயாமே? அம்மா சொன்னாள், அவளுக்குப் புரிந்தவரை. எனக்குப் புரியும்படி எழுது.

குளிருக்கு முன்னால் போர்வையை வெயிலில் போடவும்.

அப்பா கென்கிச்சி


கவாகுச்சி
25 அக்டோபர் 1998

அப்பாவுக்கு,

உங்கள் புத்தகத்தில் மகள் அப்பாவுக்கு எழுதும் பக்கம் இருந்தால் அதில் உள்ளபடி எல்லாம் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நலம். அம்மாவின் முழங்கால் மழைக்கு ஒரு நாள் முன்பே மழையைச் சொல்கிறது. முக்காலி கேட்க மாட்டாளாம். "உக்காந்துட்டா அப்புறம் என்னை யாரு எழுப்புறது?" என்கிறாள்.

போட்டி இதுதான். டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி அடுத்த வருஷம் புதிதாக வருகிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முக்கியமாக கிராபிக்ஸ் சிப். படத்தைத் திரையில் வரைவது அதுதான். 'கேம் ஹிரோபா' இதழ் வாசகர்களைக் கணிக்கச் சொல்லியிருக்கிறது. வெறும் எண் எழுதினால் போதாது, காரணத்தோடு எழுத வேண்டும். பிப்ரவரி 15 தபால் முத்திரைவரை செல்லும். மார்ச் தொடக்கத்தில் கம்பெனி பெட்டியைத் திறந்து காட்டும். உண்மைக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ, அவருக்கு ஆசிரியர் குழுவில் ஒரு மேசை. மேசை என்றால் வேலை, அப்பா!

கல்லூரித் தேர்வில் இரண்டு தடவை தோற்றவளுக்கு மூன்றாவது தடவை எழுதும் தெம்பு இல்லை. ஆனால் இதில் நான் ஜெயிப்பேன். கேம் கடையில் இரண்டு வருஷமாக ரசீது மட்டுமா போட்டேன்? வருகிற ஒவ்வொரு பெட்டியையும் திருகாணி கழற்றிப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் ஓனுகி சிரிக்கிறார். "ஏம்மா, பொட்டப்புள்ள எழுதினதை அங்க படிப்பாங்கன்னு நினைக்கிறியா?" என்றார். "உங்க கணிப்பை எழுதிக் குடுங்க, நானே தபால்ல சேர்க்கிறேன். அதுக்குத்தானே என்னை வச்சிருக்கீங்க" என்றேன். உடனே உள்ளே சரக்கு எண்ணப் போய்விட்டார்.

நீங்களும் சிப் ஆலையில்தானே இருக்கிறீர்கள், ஏதாவது யோசனை சொல்லுங்கள். குக்கர் சிப்பானாலும் பரவாயில்லை.

மெல்லிய சாக்ஸ் போடாதீர்கள்.

சயோகோ


ஹிதோயோஷி
8 நவம்பர் 1998

அன்புள்ள சயோகோவுக்கு,

உதிர்ந்த இலைகளைக் காற்று பெருக்கும் இந்நாட்களில் (பக்கம் 84) நீ நலம்தானே?

உன் கடிதம் கையில் கிடைத்த அதே வாரம் என்னை வேறு வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். புதுக் கதவு, புது உடுப்பு, கண் மட்டும் தெரியும் தொப்பி. பிரிவுத் தலைவர் நகாமினே எங்களை உட்காரவைத்து ஒரு தாளை நீட்டினார். "இங்க பாக்கிறதை மனைவிகிட்ட சொல்லக்கூடாது, பிள்ளைகிட்ட சொல்லக்கூடாது, குடிச்சிட்டு தூண்கிட்ட கூடச் சொல்லக்கூடாது" என்றார். "தூண் திருப்பிச் சொல்லாதே ஐயா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. போன வருஷம் ஒருவன் மதுக்கடையில் பெருமையடித்தானாம். மறுவாரம் அவன் அலமாரியைக் காலி செய்துவிட்டார்கள். நான் கையெழுத்து இடத்தில் என் பெயர் முத்திரையை மையில் தோய்த்து அழுத்தமாகக் குத்தினேன்.

எனவே என்னிடம் யோசனை கேட்காதே. இன்றுமுதல் என் வாய் கோட்டைக் கதவு. ஐம்பத்தோரு வயதில் இந்த வேலையும் போனால் என்னை எந்தக் குக்கர் சேர்த்துக்கொள்ளும்? ஆனால் கவலைப்படாதே. ரகசியம் காப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. உன் அம்மாவின் பிறந்தநாளை இருபத்திரண்டு வருஷமாக யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறேன், அவளுக்கே கூட.

வேலை பழகிவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே பழகிவிட்டது. இந்தக் கடிதத்தின் உறைக்கு முன்கூட்டியே ஸ்டாம்பு ஒட்டும்போது என் கை தானாக இடுக்கியைத் தேடியது! அகலத்துக்கு அகலம் அப்படியே. தலைப்பக்கம் மட்டும் கொஞ்சம் வெட்டிவிட்டால் கண் ஏமாந்துபோகும். வீட்டுக்கார அம்மாள் தோக்கிதா பார்த்துவிட்டு, "என்னங்க, ஸ்டாம்பைத் தடவிக் குடுக்குறீங்க?" என்றார். மானம் போயிற்று.

உன் கணிப்பை எழுதி அனுப்பு. பதில் சொல்ல மாட்டேன், படிப்பேன்.

அம்மாவின் முழங்காலுக்கு என் வணக்கம்.

அப்பா


கவாகுச்சி
29 நவம்பர் 1998

அப்பாவுக்கு,

அம்மாவின் முழங்கால் வணக்கத்தை ஏற்றுக்கொண்டது. பிறந்தநாள் விஷயத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "பனிரெண்டாம் மாசம் ஒண்ணாம் தேதி, தாள்ல பெரிசா எழுதி சுவத்துல ஒட்டிக்கச் சொல்லு" என்கிறாள். இந்தக் கடிதம் போய்ச் சேரும்போது அது நாளையோ நேற்றோ, ஓடிப் போய்த் தொலைபேசியை எடுங்கள்.

கணிப்பின் சாரம் சொல்கிறேன். சுஷிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கத்தி பிடித்து நிற்பவர்தான் கிராபிக்ஸ் சிப். மீன்தான் மெமரி, அதாவது வரைய வேண்டிய படச்சரக்கு. இதுவரை வந்த பெட்டிகளில் மீன் வேறு கட்டடத்தில் இருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஆள் ஓட வேண்டும். புதுப் பெட்டியில் அந்தக் கட்டடத்துக்கும் கடைக்கும் நடுவே மிக அகலமான சாலை போடுவார்கள் என்பது என் கணிப்பு. மீன் வெளியேதான் இருக்கும், சாலை அகலம். ஆகவே சிப் சின்னது. சுண்டுவிரல் நகம் அளவு.

'மீனைக் கத்திக்காரர் கையெட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே வைத்தால் என்ன?' என்று ஒரு வாசகர் சென்ற இதழில் கேட்டிருந்தார். அதாவது மெமரியையும் சிப்புக்குள்ளேயே அடைப்பது. நினைக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்தால் சிப் இரண்டு மூன்று மடங்கு பெருத்துவிடும். அவ்வளவு பெரிய சிப்பைப் பிள்ளைகள் விளையாடும் பெட்டியில் யாரும் வைக்க மாட்டார்கள். பாதி உடைந்து வரும், அடுப்பு மாதிரி சுடும். அந்த ஆளை இரண்டு பக்கத்துக்குக் கிழித்திருக்கிறேன். படிக்கப் படிக்க எனக்கே என்மேல் மரியாதை வருகிறது.

எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

சயோகோ


ஹிதோயோஷி
13 டிசம்பர் 1998

அன்புள்ள சயோகோவுக்கு,

ஆண்டின் கடைசி மாதம் ஓட்டமும் நடையுமாகப் போகும் இந்நாட்களில், நலம். இங்கும் நலம்.

உன் கணிப்பைப் படித்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது. தாளும் நல்ல தாள். சுண்டுவிரல் நகம் வரும் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு ஆற்றங்கரைக்குப் போய் நடந்துவிட்டு வந்தேன். ஆற்றில் தண்ணீர் குறைவு.

வேறு செய்திகள் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னேன். நான் ஐந்து சொல் பேசினேன் என்று அவளே எண்ணிச் சொன்னாள்.

குளிர் வந்துவிட்டது. ஆனால் எங்களுக்கென்ன? எங்கள் பக்கத்துச் சோதனை அறையில் மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கிறார்களே, அங்கே டிசம்பரிலும் குளிர் காயும் ஸ்டவ் ஏற்றவில்லை. மற்ற வரிசை ஆட்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு கை சூடாக்கிக்கொள்ள வருகிறார்கள். நேற்று என் ஈர சாக்ஸை அங்கே அலமாரியில் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அப்பளமாகிவிட்டது. நகாமினே பார்த்து, "குவாபரா, இது கோடிக்கணக்கான பணம் போட்ட அறை. உன் சாக்ஸுக்கு வெந்நீர் ஊற்றுக் குளியல் இல்ல" என்றார். சாப்பாட்டுக் கூடத்தில் இப்போது மூன்று வேளைக்கும் மூன்று கும்பல், சோற்றுப் பானையும் மூன்று.

ஒரு வருத்தமான விஷயம். புத்தாண்டுக்கு வர முடியாது. ஆலை ஒரு நாளும் நிற்காதாம், முதல் தேதிகூட. நான் வேலை பார்த்த முப்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அம்மாவிடம் நீயே பதமாகச் சொல். அரிசிக் கொழுக்கட்டை என் பங்கையும் நீ தின்னலாம், தொண்டையில் சிக்காமல்.

போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது, இல்லையா? அவசரப்பட்டு அனுப்பாதே.

அப்பா


கவாகுச்சி
24 ஜனவரி 1999

அப்பாவுக்கு,

ஆறு வாரமாகப் பதில் அனுப்பாததற்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவும் நலம். உங்கள் பங்குக் கொழுக்கட்டையைக் கடவுள் மாடத்தில் வைத்துப் பிறகு நாங்களே தின்றோம்.

மூன்று வேண்டுகோள். இனிமேல் உறைக் கடிதம் வேண்டாம், தபால் அட்டையில் எழுதுங்கள். அட்டையில் ஸ்டாம்பு அச்சடித்தே வருகிறது, ஒட்ட வேண்டியதில்லை. இரண்டாவது, சாக்ஸைப் பற்றி எழுதாதீர்கள். சோற்றுப் பானையைப் பற்றியும் வேண்டாம். மழை, ஆறு, தோக்கிதா அம்மாள் வீட்டுப் பூனை, இவற்றைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். மூன்றாவது, காரணம் கேட்காதீர்கள்.

பழைய கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன.

சயோகோ


ஹிதோயோஷி
31 ஜனவரி 1999
(தபால் அட்டை)

சயோகோவுக்கு,

கடுங்குளிர். நலம். அட்டையில் இடம் குறைவென்பதால் புத்தக வரிக்கு விடுமுறை.

பூனைக்கும் நலம். சாக்ஸில் உனக்கு என்ன கோபம் என்று தெரியவில்லை. வயதான அப்பனின் சாக்ஸ் நகரத்துப் பெண்ணுக்குக் கூச்சம் போலிருக்கிறது என்று தோக்கிதா அம்மாள் தீர்ப்புச் சொன்னார். சரி, விட்டுவிட்டேன்.

கணிப்பை அனுப்பிவிட்டாயா? இல்லையென்றால் இன்னொரு தடவை படித்துப் பார். எதையும் கொஞ்சம் ▇▇▇▇▇▇▇ பார்ப்பது நல்லது. மேலே மை கொட்டிவிட்டது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்பா


கவாகுச்சி
15 பிப்ரவரி 1999

அப்பாவுக்கு,

பிளம் பூத்துவிட்டது. எல்லோரும் நலம்.

கட்டுரையை இன்று காலை அனுப்பிவிட்டேன். முத்திரை குத்தும்வரை தபால் நிலைய ஜன்னலிலேயே நின்றேன். மாற்றவில்லை. சாலை அகலம், சுண்டுவிரல் நகம், எழுதியபடியேதான்.

இதற்குள் இன்னொரு உறை இருக்கிறது. நேற்று எழுதி ஒட்டியது. கம்பெனி பெட்டியைத் திறந்து காட்டும் நாளில் நீங்கள் இதைத் திறக்கலாம். அதற்கு முன் திறந்தால் அம்மாவின் பிறந்தநாளை இன்னொரு இருபத்திரண்டு வருஷம் மறக்கக் கடவீர்கள்.

சயோகோ


ஹிதோயோஷி
2 மார்ச் 1999

சயோகோவுக்கு,

இன்று புத்தகம் திறக்கவில்லை. நீ நலமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மதியம் நகாமினே செய்தித்தாள் பக்கத்தைச் சாப்பாட்டுக் கூடச் சுவரில் ஒட்டினார். டோக்கியோ மேடையில் பெட்டியைத் திறந்துவிட்டார்களாம். கிராபிக்ஸ் சிப் படம் பெரிதாகப் போட்டிருந்தது. "மெமரியும் உள்ளேயே. இவ்வளவு பெரிய சிப் எந்த விளையாட்டுப் பெட்டியிலும் இதுவரை இல்லை" என்று கொட்டை எழுத்து. எல்லோரும் கைதட்டினார்கள். என் கை எழவில்லை.

எனக்குத் தெரியும், சயோகோ. உன் முதல் கடிதம் வந்த மறுவாரமே தெரியும். எங்களுக்குச் சிப்பின் பெயரைச் சொல்லவில்லை, ஓர் எண்ணைத்தான் சொன்னார்கள். ஆனால் பார்வையிட வந்தவர்களின் மார்பில் அந்த கேம் கம்பெனியின் அட்டை தொங்கியது. நான் படிக்காதவனே தவிர குருடன் இல்லை. நீ 'சுண்டுவிரல் நகம்' என்று எழுதி அனுப்பியபோது, அதற்கு முந்தின நாள்தான் அந்தப் பெரிய சிப் இருநூறை என் இடுக்கியால் எடுத்திருந்தேன். ஒரு வார்த்தை, 'பெருசு' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மேசை உனக்கு. தபால் அட்டையில் எழுதியே விட்டேன். பிறகு தாளில் குத்திய முத்திரை கண்ணில் வந்து நின்றது. மையால் அழித்தேன்.

நான் சொல்லவில்லை. ஒரு எழுத்துகூடச் சொல்லவில்லை. அதில் எனக்கு இப்போது பெருமையும் இல்லை. வேலையைக் காப்பாற்றிக்கொண்டு மகளைத் தோற்கவிட்டவன் என்று என்னைச் சொல்லலாம். சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

உன் உறையை இன்னும் திறக்கவில்லை. 'நான் ஜெயிப்பேன் அப்பா' என்று எழுதியிருப்பாய் என்று பயமாக இருக்கிறது. முதலில் இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து திறக்கிறேன். அப்போதுதான் நீ எழுதியதைப் பார்த்து நான் இதை மாற்ற முடியாது.

அப்பா


கவாகுச்சி
14 பிப்ரவரி 1999
(உள்ளே இருந்த உறை)

அப்பா,

என் உண்மையான கணிப்பு இது: மெமரி சிப்புக்குள்ளேயே இருக்கிறது. சிப் ஏறக்குறைய பதினெட்டு மில்லிமீட்டர் சதுரம். மீன் கண்ணாடிப் பெட்டிக்குள்தான். நான் கிழித்த அந்த வாசகர் சொன்னதுதான் சரி.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஜனவரி பத்தாம் தேதி உங்களுக்குப் பதில் எழுதிவிட்டு, ஸ்டாம்பை நாக்கில் வைத்தேன். அப்படியே நின்றுவிட்டேன், அதை அனுப்பவில்லை. நவம்பர் கடிதத்தைத் தேடி எடுத்து, அளவுகோலை ஸ்டாம்பின் மேல் வைத்தேன். அகலம் பதினெட்டரை. தலைப்பக்கம் கொஞ்சம் வெட்டினால் சதுரம். குக்கருக்கு அவ்வளவு பெரிய சிப் எதற்கு? பிறகு ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. ஸ்டவ் ஏற்றாத அறை, அப்பளமான சாக்ஸ்: அடுப்பு மாதிரி சுடும் என்று நானே எழுதியதுதானே! மூன்று சோற்றுப் பானை, புத்தாண்டுக்கும் நிற்காத ஆலை: லட்சக்கணக்கில் செய்கிறீர்கள். கடிதத்தில் எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்லும் நீங்கள் என் கணிப்புக்கு மட்டும் 'தாள் நல்ல தாள்' என்றீர்கள். கடைசியாக அந்த மை. அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் பேனா அழுத்திய பள்ளம் நன்றாகத் தெரிகிறது. 'பெரிதாகப்' பார்ப்பது நல்லது. நீங்கள் காத்த ரகசியம் மாதிரி ஒன்றை நான் வாழ்நாளில் படித்ததில்லை, அப்பா. கோட்டைக் கதவு சரிதான், சுவரைத்தான் கட்ட மறந்துவிட்டீர்கள்.

இதைப் போட்டிக்கு அனுப்பினால் ஜெயிப்பேன். ஆனால் காரணம் கேட்பார்கள். காரணம் இல்லாத கணிப்பு செல்லாது. என் பெயர் குவாபரா. கூமா டென்ஷியிலும் ஒரு குவாபரா இருக்கிறார் என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போதும்.

அது மட்டுமல்ல. யோசித்துக் கண்டுபிடிப்பதற்கும், காதில் விழுந்ததை எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கு அந்த ஆளைக் கிழித்துவிட்டு, அப்பாவின் சாக்ஸைப் பிடித்துக்கொண்டு மேசையில் ஏறி உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் என் தப்பை என் பெயரில் அனுப்புகிறேன். தப்பு, ஆனால் நன்றாக யோசித்த தப்பு.

உங்கள் கடிதங்களில் நான்கு இடங்களில் கத்தரி போட்டுவிட்டேன். வெட்டியதை அடுப்பில் போட்டாகிவிட்டது. அந்தத் தபால் அட்டையும் போயிற்று. அம்மா பார்த்துவிட்டு, "அப்பா எழுதினதை ஏன்டி எலி மாதிரி கடிச்சு வச்சிருக்கே?" என்றாள். எலி என்றே இருக்கட்டும். இந்தக் கடிதத்தையும் படித்தவுடன் எரித்துவிடுங்கள். உங்களை நம்ப முடியாது, தோக்கிதா அம்மாளை விட்டு எரிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்


கவாகுச்சி
14 மார்ச் 1999

அப்பாவுக்கு,

இரண்டு நாளாக வெயில் நன்றாக இருக்கிறது. நலம், நலம், எல்லோரும் நலம்.

உங்கள் கடிதத்தை அம்மாவும் நானும் சேர்ந்து படித்தோம். 'ஒரு எழுத்துகூடச் சொல்லவில்லை' என்ற இடத்தில் அம்மா சிரித்துச் சிரித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வர ஒரு நாள் ஆயிற்று. மகளைத் தோற்கவிட்டவன் என்று உங்களை நான் சொல்வேன் என்று எப்படி நினைத்தீர்கள்? சொல்லாமல் இருக்க நீங்கள் பட்ட பாடு தெரியாதா எனக்கு? ஆற்றங்கரைக்கு ஓடியவர்தானே.

மேசை உங்கள் கியூஷூ பக்கத்து ஆள் ஒருவருக்குப் போயிற்று. நான் கிழித்த அதே வாசகர். காரணங்களை அழகாக எழுதியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டு ஓர் அட்டை போட்டேன். என் கட்டுரையையும் அச்சிட்டிருக்கிறார்கள், 'மிக உறுதியான தவறு' என்ற தலைப்பில். ஓனுகி அதைக் கடைக் கதவில் ஒட்டி, "பாத்தீங்களா, எங்க கடைப் பொண்ணு" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். கேலியா பெருமையா என்று அவருக்கே தெரியவில்லை.

ஆசிரியர் ஒரு வரி எழுதி அனுப்பினார்: செப்டம்பரில் இன்னொரு போட்டி, இந்த முறை எதிர்க் கம்பெனியின் புதுப் பெட்டி, இன்னொரு மேசை, கட்டாயம் எழுதவும். எழுதுவேன். ஜெயிப்பேன். ஒரே கவலைதான். அந்தப் பெட்டியின் சிப் வேலை உங்கள் ஆலைக்கு வந்துவிடக் கூடாது என்று கோயிலில் காசு போட்டுக் கும்பிட்டேன். வந்தால் நான் மறுபடியும் கத்தரி எடுக்க வேண்டும்.

மெல்லிய சாக்ஸ் போடாதீர்கள். இனி சாக்ஸைப் பற்றி எழுதலாம்.

சயோகோ


ஹிதோயோஷி
4 ஏப்ரல் 1999

சயோகோவுக்கு,

ஆற்றங்கரையில் செர்ரி பூத்து, அதன் கீழே பதினொரு அப்பாக்கள் பாய் விரித்து உட்கார்ந்து, யாருடைய வீட்டுக் கடிதம் நீளம் என்று சண்டை போட்டோம். உன்னுடையதைப் படித்துக் காட்டவில்லை. நான்தான் முதலிடம் என்று மட்டும் சொன்னேன். இந்த வரி புத்தகத்தில் இல்லை, நானே எழுதியது.

உள் உறைக் கடிதம் எரிந்துவிட்டது. தோக்கிதா அம்மாள் தீக்குச்சி கிழித்தார், பூனை சாட்சி. எரியுமுன் ஐந்து தடவை படித்தேன். இன்னும் மனப்பாடமாக இருக்கிறது, அதை யாரும் கத்தரிக்க முடியாது.

போன திங்கட்கிழமை நகாமினேயிடம் போய் என்னைக் குக்கர் வரிசைக்கே திருப்பி அனுப்பச் சொன்னேன்.

"யோவ், ஆலையே இந்த வரிசைக்கு வரத் துடிக்குது. உனக்கென்ன கேடு?"

"கண்ணு மங்குதுங்க."

"நேத்துத்தான் பேன் கால் அளவு கோணலைக் கண்டுபிடிச்சே!"

"அது நேத்து. இன்னிக்கு மங்குது."

அவர் மாற்றல் தாளை எடுத்தார். அவருக்கும் கிழக்கே ஒரு மகள் இருக்கிறாள். "குக்கர் வரிசையில வெயில் காலத்துல வேகும்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு முத்திரை குத்தினார்.

செப்டம்பரில் எந்தப் பெட்டியின் வேலை எந்த ஆலைக்கு வந்தாலும் வரட்டும். எனக்குத் தெரியாது, தெரியவும் வராது. என் கதவு வேறு, உடுப்பு வேறு, சாப்பாட்டு நேரமும் வேறு. நான் பார்ப்பதெல்லாம் சோறு வேகவைக்கும் சிப். எள்ளுக்கு அண்ணன், கடுகுக்குத் தம்பி. கோணல் ஏழு எடுத்தேன் இன்று. ஒரு தட்டில் நானூறு. அறையில் மின்விசிறி இரண்டு, ஒன்று ஓடாது. இதைக் கொண்டு எந்த இதழிலும் யாரும் மேசை வாங்க முடியாது.

ஆகவே நீ யோசித்ததை யோசித்தபடி, உன் பெயரில், எங்கள் பெயரில், பெரிதாக எழுது. முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. இந்த முறை தாளையும் கையெழுத்தையும் பற்றிப் பேச மாட்டேன். எங்கே தப்பு என்று நினைக்கிறேனோ அங்கே தப்பு என்று எழுதுவேன். பெரும்பாலும் நான்தான் தப்பாக இருப்பேன்.

உறையில்தான் அனுப்பியிருக்கிறேன், ஸ்டாம்பு ஒட்டித்தான். ஒட்டும்போது கை இடுக்கியைத் தேடவில்லை. கத்தரியை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடு. இந்தக் கடிதத்தை முழுசாகவே வைத்துக்கொள்ளலாம்.

அப்பா